1.8 வினாடி: வானொலியிலிருந்து டெக்னோவுக்கு ஜெஃப் மில்ஸ் வந்த வழி

நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் இசைத்தட்டு ஒரு சுற்றை முடிக்க 1.8 வினாடி ஆகும். அந்த 1.8 வினாடிக்குள் சம இடைவெளியில் நான்கு அடிகளை வைத்தால் வேகம் நிமிடத்துக்கு 133⅓ அடி. டெக்னோ என்னும் மின்னணு நடன இசைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேகம். தட்டின் பள்ளத்தைச் சுருளாக உள்நோக்கி ஓடவிடாமல், தன் வாலைத் தானே கவ்வும் பாம்பைப் போல வட்டமாக மூடிவிட்டால் ஊசி வேறெங்கும் போக முடியாது. யாராவது எடுக்கும்வரை அதே நான்கு அடி ஒலித்துக்கொண்டே இருக்கும். டெக்னோ டிஜேவும் தயாரிப்பாளருமான ஜெஃப் மில்ஸ் 1994இல் தன் சொந்த லேபிளான, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனமான, ஆக்சிஸில் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ என்ற தட்டில் இத்தகைய மூடிய வட்டங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

அதற்குப் பத்தாண்டுக்கு முன்பு இதே மனிதர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வானொலியில், ஒரு பாட்டை முழுதாக ஓடவிடக்கூடப் பொறுமையில்லாதவர் என்று தோன்றும் வகையில் தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். அங்கே பொறுமையின்மை, இங்கே முடிவற்ற பொறுமை. இவை இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள் என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. அவருடைய பதிவுகளை வரிசையாகக் கேட்டபின் அந்த எண்ணம் மாறியது. வானொலி அவருக்கு ஒரே ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்தது: நேரத்தை வெட்டுவது. பிற்பாடு அவர் செய்ததெல்லாம் அதே வெட்டைச் சிறிதாக்கிச் சிறிதாக்கிக் கடைசியில் 1.8 வினாடிக்குக் கொண்டுவந்ததுதான்.

மில்ஸ் 1963இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அந்த ஊர் மோட்டார் கார்களின் ஊர். 1950இல் அங்கே சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 1980இல் 12 லட்சம் பேர்தான் மிஞ்சினார்கள். ஆலைகள் வெளியேறின. 1967 ஜூலையில் நடந்த கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. கார்களை உற்பத்தி செய்யும் ஊரில் பொதுப்போக்குவரத்து பெரிதாக வளராததில் வியப்பில்லை. எல்லோரும் காரில் போனார்கள், காரில் வானொலி இருந்தது. இரவில் ஆளில்லாத அகன்ற சாலைகளில் ஓட்டிக்கொண்டு போகிறவனுக்குத் துணை அந்தப் பெட்டி ஒன்றுதான். டெட்ராய்ட் டெக்னோவின் தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆலை இயந்திரங்களின் ஓசையைத்தான் முதலில் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலையைவிடக் கார் வானொலிக்கே இதில் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

அந்த வானொலியில் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஒரு குரல் கேட்டது. சார்லஸ் ஜான்சன் என்பது இயற்பெயர். ‘தி எலெக்ட்ரிஃபையிங் மோஜோ’ என்பது காற்றில் அவர் சூட்டிக்கொண்ட பெயர். வேற்றுக்கிரகத்துக் கலம் ஒன்று நகரத்தில் தரையிறங்குவதாகச் சொல்லித் தன் நிகழ்ச்சியைத் தொடங்குவார். ஜெர்மானிய மின்னணு இசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்கக் கறுப்பின ஃபங்க் குழுவான பார்லிமென்ட்-ஃபங்கடெலிக்கையும் பாடகர் பிரின்ஸையும் ஒரே இரவில் ஒலிபரப்புவார். கறுப்பினக் கேட்பாளர்களுக்கு ஒன்று, வெள்ளையர்களுக்கு வேறு என்று இசையைப் பாகம் பிரித்து வைத்திருந்த வானொலிச் சந்தையில் அது அடங்காத செயல். டெட்ராய்ட் டெக்னோவின் முன்னோடிகளில் ஒருவரான ஹுவான் அட்கின்ஸ் இடம்பெற்ற சைபோட்ரான் குழுவின் முதல் தட்டு 1981இல் வந்தபோது அதை ஊருக்குக் கேட்க வைத்தவரும் மோஜோதான். ஆனால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஊருக்குத் தெரியாது. பொதுவில் தோன்றுவதைத் தவிர்த்தார். முகமில்லாத குரலுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதை அந்த நகரத்துப் பிள்ளைகள் அவரிடம் கற்றுக்கொண்டார்கள். பின்னால் இது வேறு வடிவத்தில் திரும்ப வரும்.

மில்ஸ் காற்றில் ஏறியது 1980களில். முதலில் டபிள்யூ.டி.ஆர்.க்யூ. நிலையத்திலும் பின்னர் டபிள்யூ.ஜே.எல்.பி.யிலும் இரவு நிகழ்ச்சி. பெயர் ‘தி விசார்ட்’, அதாவது மந்திரவாதி. மோஜோ குரலால் ஆண்டார் என்றால் விசார்டின் கைகளே பேசின. ஹிப்-ஹாப்காரர்களின் வித்தைகள் அத்தனையும் அவர் கைவசம் இருந்தன. தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலியெழுப்புவது, ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் (தட்டு சுழற்றும் கருவிகளில்) வைத்து ஒரு வரியை மட்டும் மாற்றி மாற்றி ஒலிக்க விடுவது, பாட்டின் நடுவில் வெறும் தாளம் மட்டும் வரும் பகுதியைப் பிய்த்தெடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டுவது. ஹிப்-ஹாப், எலக்ட்ரோ, சிகாகோவிலிருந்து வந்த ஹவுஸ், ஐரோப்பிய மின்னணு இசை, உள்ளூர் இளைஞர்களான டெரிக் மேயும் கெவின் சாண்டர்சனும் செய்துகொண்டிருந்த புது ஒலி என எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரும். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று போகும் அந்த வேகத்தில், பிடித்த பாட்டு வந்துவிட்டதே என்று கேட்பவர் நிமிர்வதற்குள் அது போயிருக்கும்.

இந்த வேகத்துக்குக் கைத்திறன் ஒரு காரணம், வானொலித் தொழிலின் கணக்கு இன்னொன்று. அன்றைய அமெரிக்காவில் எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை ஆர்பிட்ரான் நிறுவனம் அளந்தது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்குச் சிறு நாட்குறிப்பேடுகளை அனுப்பிவிடும். எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டோம் என்று வீட்டார் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கணக்கு கால் மணி நேரக் கூறுகளாக நடக்கும். ஒரு கூறில் ஐந்து நிமிடம் கேட்டாலே அந்தக் கால் மணி நேரம் நிலையத்தின் கணக்கில் சேரும். விளம்பரக் கட்டணம் இந்த எண்ணிக்கையின் மேல்தான் நின்றது. ஆக வானொலிக்காரனின் பிழைப்பு அடுத்த ஐந்து நிமிடத்துக்கு ஒருவனைக் குமிழைத் திருப்பாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அடுத்து என்ன வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு அறுந்துவிடவும் கூடாது. கேட்பவர் முகமும் தெரியாது. கிளப்பில் வாசிக்கும் டிஜேவுக்குக் கூட்டம் சோர்வது கண்ணெதிரே தெரியும், உடனே தட்டை மாற்றலாம். வானொலிக்காரன் கூட்டத்தைக் கற்பனையில் வைத்துக்கொண்டு, அது சோர்வதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

விசார்டின் நிகழ்ச்சியில் சில பகுதிகள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டவை. இதைக் கேள்விப்படும்போது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஏதோ கள்ளாட்டம் போல. எனக்கு அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனையே இங்கேதான் தெரிகிறது. நேரடியாக இரண்டு கைகளால் செய்ய முடியாத ஒன்றை நாடாவில் செய்து வைக்கலாம் என்று தெரிந்துகொண்டவன் பாதி இசைத் தயாரிப்பாளன் ஆகிவிட்டான். பிறர் பாட்டுகளை அடுக்குவது, அவற்றின் துண்டுகளை அடுக்குவது, துண்டுகள் எங்கிருந்து வந்தன என்பதே அடையாளம் தெரியாத அளவுக்கு அடுக்குவது என்று ஒரு சரிவு இருக்கிறது. அதில் இறங்கினால் பாதியில் நிற்பது கடினம்.

அந்தப் பத்தாண்டில் இப்படிச் சறுக்கியவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. சிகாகோவில் டபிள்யூ.பி.எம்.எக்ஸ். நிலையம் 1981இல் ‘ஹாட் மிக்ஸ் 5’ என்ற டிஜே கூட்டணியைக் காற்றில் ஏற்றியது. அதிலிருந்த ஃபார்லி ‘ஜாக்மாஸ்டர்’ ஃபங்க் 1986இல் தயாரித்த பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்தது. நியூயார்க்கில் டபிள்யூ.பி.எல்.எஸ். நிலையத்தில் மிஸ்டர் மேஜிக்கின் ராப் நிகழ்ச்சிக்குத் தட்டு சுழற்றிய மார்லி மார்ல், ஒலித்துண்டைப் பதிந்து திரும்ப வாசிக்கும் சாம்பிளர் கருவியில் ஒரு டிரம் அடியை மட்டும் தனியே பிடித்து வேறு தாளமாக வாசிக்கலாம் என்று கண்டு ஹிப்-ஹாப் தயாரிப்பையே திசைமாற்றினார். மூன்று ஊர்கள், மூன்று இசை வகைகள், ஒரே பாதை.

வானொலியின் போதாமையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை போகும். பாடியவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் எதுவும் போகாது. அதைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, ஒட்டி, ஊரையே விழித்திருக்க வைத்தவர் வாங்குவது சம்பளம் மட்டும். விசார்டின் இரவுகளில் மிஞ்சியவை பெரும்பாலும் கேட்பவர்கள் வீட்டில் காசெட்டில் பிடித்து வைத்தவைதான். நிலையமோ தன் இசைக்கொள்கையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும், அறிவிப்பாளரைக் கேட்காது. வாடகை வீட்டில் சுவருக்கு எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் சுவர் நம்முடையதாகாது.

மில்ஸின் முதல் சொந்தத் தயாரிப்புகள் ஆன்டனி ஸ்ரோக்குடன் சேர்ந்த ஃபைனல் கட் குழுவில் வந்தன. 1989இல் ஓர் ஆல்பம் வெளியானது. இரும்பு உரசும் கரடுமுரடான ஒலி. அதை இன்று கேட்டால் அவர் இன்னும் தன் குரலைத் தேடிக்கொண்டிருப்பது தெரிகிறது. கிடைத்தது டெட்ராய்ட் இசைக்கலைஞர் மைக் பேங்க்ஸைச் சந்தித்தபின். இருவரும் சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸைத் தொடங்கினார்கள். ராபர்ட் ஹூட் வந்து இணைந்தார். அது ஒரே சமயத்தில் குழுவாகவும் லேபிளாகவும் கொள்கையாகவும் இருந்தது. தட்டை அச்சிடுவது முதல் விற்பனைவரை பெரிய நிறுவனங்களின் கைக்குப் போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். புகைப்படம் வேண்டாம் என்றார்கள். மேடையில் முகத்தை மறைத்தார்கள். பத்திரிகைகள் இதைப் போராளித் தோற்றமாகவே எழுதின. அதில் உண்மையும் உண்டு. ஆனால் இந்த முகமறைப்பு எனக்கு மோஜோவை நினைவூட்டுகிறது. டெட்ராய்ட்காரர்களுக்கு இசை முகமில்லாமல் காற்றில் வருவதுதான் இயல்பு. முகத்தைக் காட்டுவதுதான் அங்கே புதுப் பழக்கமாக இருந்திருக்கும்.

சொந்த ஊரைவிட வெளியூர் முந்திக்கொண்டது. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்குப் பகுதியில் கேட்பாரற்ற கட்டடங்கள் கிடந்தன. வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடி இருந்த இடத்தின் அடியில், துருப்பிடித்த கம்பிக் கதவுகளும் பெட்டக அறைகளும் கொண்ட நிலவறையில் 1991 மார்ச்சில் டிரேசர் கிளப் திறந்தது. அதே பெயரில் தொடங்கிய லேபிளின் முதல் வெளியீடு எக்ஸ்-101 என்ற பெயரில் மில்ஸ், பேங்க்ஸ், ஹூட் மூவரும் செய்தது. அடுத்து எக்ஸ்-102 என்ற பெயரில் சனிக்கோளின் வளையங்களை இசைத்தட்டின் வட்டங்களோடு பொருத்திப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. தட்டு என்பது பாட்டை ஏற்றிவரும் வண்டி மட்டுமல்ல, அதன் வட்டமே ஒரு செய்தி என்ற எண்ணம் அப்போதே முளைத்துவிட்டது.

1992இல் மில்ஸ் ஆக்சிஸைத் தொடங்கினார். நியூயார்க்கின் லைம்லைட் கிளப்பில் தொடர்ந்து தட்டு சுழற்றிக்கொண்டும் இருந்தார். ஆக்சிஸ் வெளியீடுகளைக் கேட்கிறவருக்கு முதலில் தட்டுப்படுவது இல்லாமைதான். பாடல்வரி இல்லை, பாடகர் இல்லை, ஏறி இறங்கும் மெட்டு இல்லை. ஒரு குட்டையான ஒலித்துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அதன் அடியில் தாளம். மேலே ஏதோ ஒன்று மெல்ல வெளிச்சம் மாறுவது போல மாறுகிறது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, இது அந்த வேலைதான். பத்தாவது சுற்றில் கேட்காத ஒன்று முப்பதாவது சுற்றில் கேட்கத் தொடங்குகிறது. ஒலி மாறிவிட்டதா, காது மாறிவிட்டதா என்று சொல்வது எளிதல்ல.

மூடிய பள்ளத்துக்கு இவரே முன்னோடி என்று சொல்ல முடியாது. 1948இல் பாரிஸில் பியேர் ஷேஃபர் தட்டில் வட்டமாக மூடிய பள்ளங்களை வெட்டி, ரயில் ஓசை போன்ற அன்றாட ஒலிகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைத்துப் புதுவகை இசையொன்றுக்கு அடிக்கல் நாட்டினார். ஷேஃபரின் உத்தியோகம் என்ன என்று பார்த்தால், பிரெஞ்சு வானொலியில் பொறியாளர். நாற்பத்தாறு ஆண்டு இடைவெளியில், இரண்டு கண்டங்களில், இரண்டு வானொலிக்காரர்கள் ஒரே வட்டத்தில் வந்து நிற்கிறார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தட்டு கீறல் விழுந்து ஒரே இடத்தில் சிக்கிக்கொள்வது நிலையத்தில் வேலை செய்கிறவனுக்குத் தீரா அச்சம். அந்த அச்சத்தையே உற்றுக் கேட்டவர்கள் இவர்கள் இருவரும்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ரோலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஆர்-909 டிரம் மெஷினில் அடித்தாள ஒலிகள் மின்சுற்றிலேயே பிறக்கும். ஜால்ரா போன்ற உலோக ஒலிகள் மட்டும் உண்மையான கருவியிலிருந்து எடுத்த எண்முறைப் பதிவுகள். உண்மையான டிரம்மைப் போல ஒலிக்கவில்லை என்பதால் சந்தையில் எடுபடவில்லை. சுமார் 10,000 பெட்டிகளோடு உற்பத்தி நின்றது. பழைய பொருளாக மலிந்து, காசில்லாத இளைஞர்கள் கைக்கு வந்தது. மில்ஸ் பள்ளிக் காலத்தில் தாளக் கருவி வாசித்தவர். அதனால் 909ஐ நிரல் எழுதிவிட்டு ஓடவிடும் பெட்டியாக அவர் நடத்தவில்லை. மேடையில் மூன்று டர்ன்டேபிள்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தான்களை அழுத்தித் தாளத்தை மாற்றுவார். இசைத்தட்டையும் கருவியையும் ஒரே மேசையில் வைத்தபோது டிஜேவுக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துபோனது. தன் ஸ்டூடியோவில் பாதி செய்த இசையைத் தட்டாக அச்சிட்டுக்கொண்டு வந்து, மீதியை மேடையில் முடிக்கிறார் என்றே சொல்லலாம்.

இதற்குச் சிறந்த சாட்சி, 1995இல் டோக்கியோவின் லிக்விட் ரூமில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த இசைக்கோவை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள். சராசரியாக ஒரு தட்டுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. சில இடங்களில் தாளம் சறுக்குகிறது, ஊசி உரசுகிறது, கை தடுமாறுவது கேட்கிறது. எதையும் அவர் அழிக்கவில்லை. கேட்டுக்கொண்டே வந்தால் டெட்ராய்ட்டின் இரவு வானொலி அப்படியே திரும்பி வந்திருப்பது புரியும். ஒரே வேறுபாடு, அப்போது வெட்டப்பட்டவை பிறர் பாட்டுகள். இப்போது அவற்றில் பல அவரே செய்தவை, வெட்டுவதற்கென்றே செய்தவை. பாட்டாக முழுமை பெற்றுவிட்டால் இன்னொன்றோடு சேராது என்று தெரிந்தே குறையாக விடப்பட்டவை. தையற்காரரே நெசவாளியானால் துணியை எப்படி நெய்வாரோ அப்படி.

இதே காலத்தில் ‘தி பெல்ஸ்’ வந்தது. மணியோசை போன்ற ஒரு துணுக்கு ஓயாமல் துரத்தும் அந்த இசை டெக்னோ மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது. அதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள்.

2000 தொடங்கி மில்ஸ் வேறு திசைகளில் விரிந்தார். ஃபிரிட்ஸ் லாங்கின் 1927ஆம் ஆண்டு மௌனப்படமான ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்குப் புதிதாக இசை அமைத்தார். 2005இல் தெற்குப் பிரான்ஸின் ரோமானியக் கால்வாய்ப் பாலமான போன் து கார் அருகே மோன்பெலியே நகரத்து ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தன் டெக்னோ படைப்புகளை அரங்கேற்றினார். பிரெஞ்சு அரசு 2007இலும் 2017இலும் கலை இலக்கிய விருதுகள் அளித்தது. இவை பெரிய கௌரவங்கள்தான். ஆனால் அந்த ஆர்கெஸ்ட்ரா பதிவை மறுபடி மறுபடி கேட்டும் எனக்கு முழு மனநிறைவு ஏற்படவில்லை. இசைக்குழுவினர் வில்லும் குழலுமாக எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிக்கும்போது வெட்டுவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. எப்போது மாறும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. 2018இல் ஆஃப்ரோபீட் என்னும் ஆப்பிரிக்க இசை வகையின் டிரம் மேதை டோனி ஆலனோடு அவர் செய்த பதிவில் அந்தக் குறை இல்லை. அங்கே 909இன் முன் உட்கார்ந்திருப்பவர், எதிரில் இருக்கும் மனிதர் அடுத்த கணம் எங்கே அடிப்பார் என்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.

2004இல் அவர் வெளியிட்ட ‘எக்சிபிஷனிஸ்ட்’ என்ற டிவிடியை இந்த வரிசையில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். பல கேமராக்கள் அவரைச் சூழ்ந்து நிற்கின்றன, ஒன்று நேராகக் கைகளை நோக்கி. கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. தட்டை எடுக்கிறார், வைக்கிறார், ஒரு காதில் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு விளிம்பை விரலால் தொட்டு வேகத்தைத் திருத்துகிறார், குமிழைத் திருகுகிறார். வானொலியில் இருந்தபோது ஊரார் யாரும் பார்க்காத அதே வேலை. அதை எப்படிச் செய்கிறார் என்று அன்று காசெட்டில் பதிந்து வைத்துக் குழம்பியவர்களுக்கு, இருபதாண்டு கழித்துக் கைகள் மட்டும் முகம் காட்டின.

பின்னர் லண்டனின் இணைய வானொலியான என்டிஎஸ்ஸில் விண்வெளியைக் கருவாகக் கொண்ட ஒரு தொடரைச் செய்தார் மில்ஸ். குமிழ் கிடையாது, நாட்குறிப்பேடு கிடையாது, கால் மணி நேரக் கணக்கும் கிடையாது. கேட்பவர் எந்தக் கணத்திலும் நிறுத்தலாம், பின்னால் போகலாம், தாண்டலாம். அடுத்த ஐந்து நிமிடத்துக்கு யாரையும் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத அந்த நிகழ்ச்சிகளில், அவர் வெட்டவே இல்லை என்னும்படியாக ஒலிகள் வெகு நேரம் மிதக்கின்றன.